எட்டு நிறம்

பஸ் கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர்தான் கீழே நின்றுகொண்டு பூவலிங்கபுரம், பூவலிங்கபுரம் என்று கூவிக்கொண்டிருந்தார். இன்னும் யார் வரவேண்டும், ஏறியிருக்கிற கூட்டம் போதாதா என்று தங்கபுஷ்பத்துக்கு வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டாள். கைக்குட்டை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே நகத்தளவு மெமரி கார்டு இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் மட்டும் அது பறந்து போய் அங்கே சேர்ந்துவிடுமா. போனை எடுத்துப் புருஷன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அந்தப் போன் இந்நேரம் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இசக்கிராஜ் சாரம் ஏறுவதற்குமுன் சட்டையைக் கழற்றிச் சவுக்குக் கம்பில் மாட்டுவார், போன் சட்டைப் பையில் கிடக்கும், அவர் பனியனோடு மேலே பல்பு கோத்துக்கொண்டிருப்பார். ஊர் முகப்பில் பனை உயரத்துக்குச் சாரம். அதில் ஆயிரக்கணக்கான பிக்சல் பல்பு, எல்லாம் சேர்ந்து எரிந்தால் முப்பிடாதி அம்மன். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கட்டம் கட்டமாக்கி, கட்டத்துக்கு ஒரு பல்பு என்று பிரித்துக் கார்டில் ஏற்றித் தருவது தங்கபுஷ்பத்தின் வேலை. தந்தாள். காலையில் அவர் வேனில் ஏறும்போது கையிலேயே தந்தாள். தப்பாகத் தந்தாள். அந்தியில் கோயில் கொடை விழாவின் தீபாராதனை முடிந்ததும் மேலத்தெருத் தலைவரும் கீழத்தெருத் தலைவரும் ஒன்றாகக் கை வைத்து ஸ்விட்சைப் போடுவார்கள், அம்மன் எரிவாள், மேலத்தெருக்காரர்களின் கொடி நிறத்தில் சேலை உடுத்திக்கொண்டு எரிவாள். கீழே இரண்டு தெரு சனமும் நிற்கும். சாரத்தடியில் அவர் நிற்பார். அதற்குமேல் யோசிக்கக் கூடாது என்று நினைத்தாள், யோசனை அதற்குமேல்தான் போனது.

எட்டு நிறம் போதும் என்று வைத்தது அவள்தான். வேறு யாரையும் சொல்ல முடியாது. அந்த மென்பொருளில் ஒரு கோடு இருக்கும், நிறம் எத்தனை என்று கேட்கும், கோட்டின்மேல் ஒரு குமிழ். வலது பக்கம் இழுத்தால் நிறம் கூடும், இடது பக்கம் தள்ளினால் குறையும். அவர்களிடம் இருக்கிற கண்ட்ரோலர் பழசு, நிறம் கூடிவிட்டால் பல்பெல்லாம் வலிப்பு வந்த மாதிரி துடிக்கும், போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மூஞ்சி துடித்துக்கொண்டே இருந்தது, பெண் வீட்டார் சகுனம் சரியில்லை என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதிலிருந்து எட்டுதான். இடது பக்கம் தள்ளு, எட்டு, விடு. பொத்தானை அழுத்தினால் அது படத்தை மென்று கட்டமாகத் துப்பிவிடும். அதற்கு அம்மனும் ஒன்றுதான், அரிசிக்கடை விளம்பரமும் ஒன்றுதான். தன்னிடம் இருக்கிற எட்டில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதை எடுத்துப் பூசும். சேலைக்கு ஊரார் பேசி வைத்த வெங்காயத்தோல் நிறம் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்று அதற்கு யார் சொல்வது. சந்தனக் கரை என்றால் அதற்கு என்ன தெரியும். வெங்காயத்தோலுக்கு ஊதா கிட்டே இருந்தது, சந்தனத்துக்கு மஞ்சள் கிட்டே இருந்தது, ஊதாச் சேலை, மஞ்சள் கரை. மேலத்தெருக்காரர்களின் கொடி, கைக்கயிறு, சுவரொட்டி, ஆட்டோவின் பின்பக்கம், எல்லாம் ஊதாவும் மஞ்சளும்தான், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நாள் முழுக்க அந்தத் திரைமுன்னால் உட்கார்ந்திருந்தவள் பார்க்கவில்லை, ஏனென்றால் அவள் கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணை மட்டும் அதனிடம் விடமாட்டாள். எந்தப் படமானாலும் அது கண்ணைக் கெடுக்கும். இமையும் விழியும் வெள்ளையும் நாலைந்து கட்டத்துக்குள் அடங்கவேண்டும், விட்டுவிட்டால் மை கொட்டினாற்போல் ஒரு கறுப்புத் திட்டைப் போட்டுவைக்கும். அதனால் முகத்தைப் பெரிசாக்கித் திரை முழுக்க வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக, இந்த வெள்ளை இங்கே, அந்தக் கறுப்பு ஒரு கட்டம் உள்ளே, என்று அவளே கையால் வைப்பாள். கண் வைக்கிற நாளில் மீன் வாங்குவதில்லை. யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, அவளாக வைத்துக்கொண்டது. கண் வந்துவிட்டால் படம் வந்துவிட்டது. அம்மன் அவளைப் பார்த்தாள், அவ்வளவுதான், கும்பிட்டுவிட்டுக் கார்டில் ஏற்றிவிட்டாள். கழுத்துக்குக் கீழே இறங்கிப் பார்க்கவே இல்லை. மத்தியானத்துக்குமேல் தலை வாரலாம் என்று பீரோக் கண்ணாடிமுன் நின்றபோதுதான், கண்ணாடிக்குள் முதுகுப்பக்கத்துத் திரை தெரிந்தது. கிட்டத்தில் வெறும் கட்டம். தள்ளி நின்றால்தான் படம். அது அவர்கள் தொழிலின் முதல் பாடம், ஊர்முகப்பில் எரியப்போவதைத் தூரத்திலிருந்துதான் பார்க்கவேண்டும். வீட்டில் தூரத்துக்கு எங்கே போவது, ஒற்றை அறை. அந்தக் கண்ணாடி கொடுத்த தூரத்தில் ஊதாச் சேலை கட்டிக்கொண்டு அம்மன் உட்கார்ந்திருந்தாள். சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய்த் திருத்தினாள், வேறொரு கார்டில் ஏற்றினாள், முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்தாள். இப்போது தலையில் கை வைத்துப் பார்த்தபோது சீப்பு அங்கேயேதான் இருந்தது.

"சீப்பை எடுத்து உள்ள வையும்மா, நானும் ஏறுனதுலருந்து பாக்கேன், சொல்லலாமா வேண்டாமான்னு" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. ஐம்பது வயதுக்காரி. மடியில் எலுமிச்சம்பழ மாலை வைத்த பை. பஸ் எப்போது கிளம்பியது என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியவில்லை. வெளியே வேலிக்கருவை ஓடிக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் இருந்தது. இருக்கட்டும், இருக்கட்டும், வெயில் இருக்கிறவரை யாரும் லைட்டைப் போடமாட்டார்கள்.

"கொடைக்கா போற?" என்று கேட்டாள் அந்தம்மா. ஆமாக்கா என்றாள். சொந்தமா என்றாள். தெரிஞ்சவங்க என்றாள். எந்தத் தெரு என்று அடுத்துக் கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது. கேட்கவில்லை. "நான் இந்த ஊருதான், கீழத்தெரு" என்று தானாகச் சொன்னாள். தங்கபுஷ்பத்தின் பார்வை அந்தப் பைக்குப் போனது, சேலைக்குப் போனது, கைக்குப் போனது, என்ன நிறம், என்ன நிறம் என்று தேடியது. எதுவும் இல்லை. சாதாரண நூல்சேலை. ஒரு மனுஷியைப் பார்த்ததும் நிறம் தேடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. "ஏழு வருசம் களிச்சு இப்பதான் கொடை நடக்கு. தாசில்தார் முன்னால ஒக்காந்து பேசி, கூட்டம் கூட்டமா பேசி, ஒரு வழியா. எம்மவன் திருப்பூர்லருந்து வந்திருக்கான். அப்ப நடந்த சண்டையில அவன் பேரையும் கேஸுல சேத்துட்டானுவ, ஊர்ப்பக்கம் தலையே காட்டல. நேத்துத்தான் வந்தான். லைட்டு போடும்போது முன்னால நின்னு பாக்கணும்னு மத்தியானமே போயிட்டான். அம்மா நீ பழமாலையை வாங்கிட்டு வான்னு என்னைய டவுனுக்கு வெரட்டிட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போது மாலைப் பையை அணைத்துக்கொண்டாள். முன்னால நின்னு. தங்கபுஷ்பம் அந்த வார்த்தையைக் கேட்டாள், அது போகவில்லை, உள்ளேயே நின்றுகொண்டது. மீண்டும் போனை எடுத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

வேதமாணிக்கம் அண்ணாச்சிக்கு என்ன தெரியும். அவர் சவுண்ட் சர்வீஸ்காரர், தங்கபுஷ்பம் இருக்கிற தெருவிலேயே குடியிருக்கிறார். ஏழு வருஷத்துக்குமுன் இதே ஊர்க் கொடையில் ஒரு பாட்டைப் போட்டார், கையில் கிடைத்ததைப் போட்டார், அது ஒரு தெருவுக்குரிய பாட்டு என்று அவருக்குத் தெரியாது. பாட்டு முடிகிறதற்குள் கல் பறந்தது, சவுக்குக் கம்பைப் பிடுங்கினார்கள். யாரை அடிக்கவேண்டும் என்று தெரியாத அடி முதலில் கிடைத்தவன்மேல்தான் விழும், மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்மேல் விழுந்தது. இப்போதும் டம்ளரைப் பிடித்தால் காப்பி சட்டையில் வழிகிறது, அவர் மனைவி முந்தானையால் துடைத்துவிடுகிறாள், அவர் சிரிக்கிறார். எதற்குச் சிரிக்கிறார் என்று தங்கபுஷ்பத்துக்கு இன்றுவரை புரியவில்லை. அதனால்தான் இந்தத் தடவை கூட்டத்தில் எல்லாம் பேசி வைத்தார்கள், எந்தப் பாட்டு, எந்தப் பக்கம் ஊர்வலம், அம்மன் படத்தில் சேலை என்ன நிறம் என்பதுவரை. சிவப்பு என்றால் இவர்கள் முறைத்தார்கள், பச்சை என்றால் அவர்கள். கடைசியில் வெங்காயத்தோல், சந்தனக் கரை, யாருக்கும் சொந்தமில்லாத நிறம். அந்த நிறத்தைக் கண்டுபிடிக்கவே மூன்று கூட்டம் ஆனதாம். "நாம ரெண்டு தெருவும் கிடையாது, அதான் நம்மகிட்ட குடுத்திருக்காக. நம்பிக் குடுத்திருக்காக புஷ்பம்" என்று வந்து சொன்னார் இசக்கிராஜ். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம். சாப்பிட்டுக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னார், நம்பிக் குடுத்திருக்காக. மூன்று கூட்டம் போட்டுக் கண்டுபிடித்த நிறத்தை ஒரு குமிழைத் தள்ளி அழித்துவிட்டாளே. அவள்மேலே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கண் வைத்தாளாம் கண். மீன் வாங்கவில்லையாம்.

அவர் பார்த்திருப்பாரோ. ஏற்றும்போது ஒரு தடவை எரியவிட்டுப் பார்த்திருப்பாரோ, பார்த்துச் சரி செய்திருப்பாரோ. இந்த எண்ணம் பஸ் ஏறியதிலிருந்து வந்துகொண்டிருந்தது, அவளும் விரட்டிக்கொண்டிருந்தாள், ஆசையாக இருந்ததால் மறுபடி வந்தது. பார்த்திருக்கமாட்டார். பல்பு சோதிக்கும்போது வெள்ளையில்தான் சோதிப்பார். பார்த்தாலும் அவருக்குத் தெரியாது. ஊதாவை அவர் நீலம் என்பார். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒரே அழுக்கு நிறம். கல்யாணமான புதிதில் அரக்குச் சேலை கட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, இந்தப் பச்சை ஒனக்கு நல்லாருக்கு என்றார், கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அவராகச் சொன்னார். ரயில்வேயில் எழுத்துப் பரீட்சை பாஸாகி, டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக இருக்கிற ஒரு படத்தைக் காட்டி, இதற்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்களாம். புள்ளிதான் தெரிந்தது. அடுத்த பக்கம், புள்ளி. அடுத்த பக்கம், புள்ளி. வீட்டுக்கு வந்து வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாராம், அவர் அம்மாவுக்கே தெரியாது. புள்ளிக்குள் ஒன்றும் தெரியாத மனுஷன் புள்ளியை வைத்தே பிழைக்கிறார், இதை யாரிடம் சொல்வது. ஒயர் அவர் பொறுப்பு, நிறம் இவள் பொறுப்பு என்று ஆகிப்போயிற்று. அவருக்குச் சட்டை எடுப்பது இவள், தக்காளி பொறுக்குவது இவள், பைக்கில் போகும்போது பின்னால் உட்கார்ந்து சிக்னலைப் பார்த்து நில்லுங்க என்பதும் இவள்தான். எந்த விளக்கு மேலே எது கீழே என்று அவருக்கும் தெரியும், இருந்தாலும் எதிர்வெயிலில் தடுமாறுவார். நில்லுங்க என்றால் நிற்பார். ஏன் என்று கேட்டதில்லை. தொழிலில் ஒரு ஆளுக்குத் தெரியாது. கண் தெரியாதவன் லைட் போடுகிறான் என்று ஒருவன் சொன்னால் போதும், அப்புறம் யார் கூப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் அவளுடைய கண்ணைத்தான் நம்பினார். அந்தக் கண் இன்றைக்குப் பார்த்த லட்சணம் இது.

வேறு யாரைக் கூப்பிடலாம். போனில் பூவலிங்கபுரத்து எண் ஒன்றே ஒன்று இருக்கிறது, மேலத்தெருத் தலைவர் எண், அட்வான்ஸ் பேசும்போது அவர் கொடுத்தது. கூப்பிட்டு என்ன சொல்வது, ஐயா உங்கள் நிறத்தில் அம்மன் வரப்போகிறாள், நிறுத்துங்கள் என்றா. நிறுத்துவாரா, பூரித்துப்போவாரா. நல்ல மனுஷன்தான், நல்ல மனுஷனுக்கும் பின்னால் பத்து இளவட்டங்கள் நிற்குமே. போலீஸுக்குச் சொல்லலாம், சொன்னால் ஜீப் வரும், ஜீப் வந்தால் என்ன என்று கேட்பார்கள், கேட்டால் அங்கேயே ஆரம்பித்துவிடும். லைட்டே எரியாமல் போனால், மேலத்தெருக்காரன் கரண்டை நிறுத்திவிட்டான் என்று இவர்கள், கீழத்தெருக்காரன் ஒயரை அறுத்துவிட்டான் என்று அவர்கள். எரியவும் வேண்டும், எரியவும் கூடாது. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று சிலரை இறக்கிச் சிலரை ஏற்றியது. ஒரு கிழவர் கோழியோடு ஏறினார், கோழிக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டரோடு வாதாடினார், இரண்டு பேரும் நியாயம் பேசினார்கள், கோழி சும்மா இருந்தது. வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. பனைகளின் நிழல் ரோட்டைத் தாண்டிப்போய்க் கிடந்தது. மஞ்சள் என்று பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோழிக்கும் சேர்த்து நான் தருகிறேன் வண்டியை எடுங்கள் என்று சொல்லிவிட்டதாக நினைத்தாள், சொல்லவில்லை, நினைத்தது மட்டும்தான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. மூடியிருக்காமல் இருக்குமா. டிரைவர் எஞ்சினை அணைத்தார், அணைத்ததும் தூரத்தில் எங்கோ நையாண்டி மேளம் கேட்டது. "நம்மூருதான். தீபாராதனைக்கு முன்னால ஒரு தட்டு தட்டுவான்" என்றாள் பக்கத்திலிருந்த அம்மா, காலால் தாளம் போட்டாள். தங்கபுஷ்பம் போனை அழுத்தினாள். அடித்தது. அடித்தது. எடுத்தார். எடுத்துவிட்டார் என்று உடனே அவளுக்குப் புரியவில்லை, அதே மேளம் போனுக்குள்ளிருந்தும் கேட்டது.

"சொல்லு புஷ்பம்."

"எங்க இருக்கீங்க?"

"கீழதான், கண்ட்ரோலர்கிட்ட. கை ரெண்டுலயும் ஒயரு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். தலைவர்மார் வந்தாச்சு. எல்லாரும் இங்கதான் நிக்காக."

"யாரு, கண்ணு வச்ச தாயா?" என்று வேறொரு குரல், வயசான குரல், பிரியமான குரல். "நேர்ல வந்து பாத்திருக்கலாம்லாம்மா." சுற்றிப் பலர் சிரித்தார்கள். எத்தனை பேர் என்று சிரிப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை.

நிறம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை காதும் கேட்கும். ஊதா என்றால் முடிந்தது. அவர் வேறு, பதறிப்போய், எனக்கு எப்படித் தெரியும் புஷ்பம் என்று அங்கேயே கேட்டுவிடுவார். கார்டு வருகிறது, பொறுங்கள் என்றால், ஏன் என்பார்கள், ஸ்விட்சில் கை வைத்தவர்கள் பொறுப்பார்களா. கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் அந்தச் சாரம் தெரிந்தது, அவர் ஒயர் போடுகிற விதம் தெரிந்தது. மேல்வரியில் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் போய், அடுத்த வரியில் திரும்பி வந்து, அப்படியே கீழே கீழே இறங்கும். ஒரு பல்பு சொன்னால்தான் அடுத்த பல்புக்குத் தெரியும். நடுவில் ஒன்றைப் பிரித்துவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற ஒன்றுக்கும் சேதி போகாது, இருட்டாகவே கிடக்கும்.

"அட்டிகை முடியுற வரி இருக்குல்லா. அதுல ஒயரைப் பிரிச்சு விட்டுருங்க. கழுத்துக்குக் கீழ எரிய வேண்டாம்."

"என்னது? ஏட்டி, என்ன பேசுத? பாதி அம்மன எரியவிட்டா என்னயச் செருப்பால அடிப்பாக."

மறுபடி சிரிப்பு. அந்த வயசான குரலும் சிரித்தது. ரயில் வருகிற சத்தம் கேட்டது, வந்துவிட்டால் எதுவும் கேட்காது.

"நில்லுங்க" என்றாள் அவள்.



"கேக்குதா. நான் பின்னாலருந்து சொல்லுதேன்னு வச்சுக்கோங்க. கழுத்தோட நில்லுங்க."

மேளம் மட்டும் கேட்டது. "புஷ்பம்..." என்று அவர் தொடங்கினார், ரயில் வந்துவிட்டது, ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது, சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, முடியவே முடியாத ரயில். அது போனபின் போனைப் பார்த்தால் இணைப்பு அறுந்திருந்தது. திரும்ப அழுத்தினாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண், எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்பதுபோன்ற குரலில்.

புரிந்ததா. புரிந்திருக்கும். பதினைந்து வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்கு பிரேக்கைப் பிடித்த கால் அது. புரிந்திருந்தாலும் செய்வாரா. பைக்கில் நிற்பது வேறு, அங்கே யாருமில்லை, இது ஒரு ஊரே அண்ணாந்து நிற்கும்போது தன் கையாலேயே தன் வேலையைக் கெடுப்பது. நம்பிக் குடுத்திருக்காக என்று சொன்ன வாய் அது. மேலே ஏறவேண்டும், அத்தனை பேர் பார்க்க ஏறவேண்டும், ஒரு கனெக்‌ஷன் லூசாக இருக்கிறது என்று ஏதாவது சொல்லவேண்டும். அவருக்குப் பொய் வராது, ரயில்வே விஷயத்தைத் தவிர அவர் வேறு பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அட்டிகை முடிகிற வரி எது என்று இருட்டில் சரியாகப் பிடிப்பாரா. ஒரு வரி தப்பினால் போதும், தோளில் சேலை தொடங்கிவிடும், ஒரு கீற்று ஊதா போதும். கேட் திறந்தது. பஸ் தண்டவாளத்தில் குலுங்கி ஏறி இறங்கியது. மேளம் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால் தீபாராதனை. வானத்தில் வெளிச்சம் இருந்தும் இல்லாமலும் இருந்தது. "எம்மவன் முன்னால நிப்பான். கறுப்புச் சட்டை போட்டிருக்கான், கூட்டத்துல கண்டுபிடிக்க முடியாது" என்று அந்தம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது தங்கபுஷ்பத்துக்கு. பிடிக்கவில்லை. உங்கள் மகனையும் சேர்த்துத்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் அக்கா என்று சொல்லவேண்டியிருக்கும். முப்பிடாதி, கழுத்தோடு நில்லு தாயே என்று வேண்டினாள். அம்மனிடம் இப்படி யாரும் வேண்டியிருக்கமாட்டார்கள்.

பஸ் குளத்தங்கரைமேல் ஏறித் திரும்பியது. அங்கேதான் ஊர் தெரியும், தூரத்தில், தண்ணீருக்கு அந்தப்பக்கம். இருட்டாக இருந்தது. பனைகளுக்கு நடுவில் சாரம் ஒரு கறுப்புச் சுவராக நின்றது. இன்னும் போடவில்லை. டிரைவர்கூட வண்டியை மெதுவாக்கினார், எல்லோரும் அந்தப்பக்கம் சாய்ந்தார்கள், கோழிக்காரக் கிழவர் அவள் தோள்மேல் கை ஊன்றி எட்டிப் பார்த்தார். எரிந்தது. கிரீடம் எரிந்தது, நெற்றி எரிந்தது, மூக்குத்தி, சிரித்த வாய், எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் கையால் வைத்த இரண்டு கண். இத்தனை தூரத்திலும் அது பார்த்தது. அவளைத்தான் பார்த்தது. அட்டிகை எரிந்தது, அட்டிகையின் கடைசி மணிவரை எரிந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இருட்டு. ஊதா இல்லை, மஞ்சள் இல்லை, தோள் இல்லை. வானத்தில் தலை மட்டும் நின்றது, குளத்துக்குள் இன்னொரு தலை தலைகீழாக நின்றது. அவள் காதைத் தீட்டினாள். கூச்சல் வருமா, கல் விழுமா. தண்ணீர்மேல் தவழ்ந்து வந்தது குலவைச் சத்தம், பொம்பளைகள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற சத்தம், ஒரு பக்கமிருந்து வந்தது, பின்னாலேயே மறு பக்கமிருந்தும் வந்தது, இரண்டும் கலந்து எது எந்தத் தெரு என்று தெரியாமல் போனது. அப்போதுதான் அழுகை வந்தது, அவள் அதை நிறுத்தவில்லை.

"இதென்னம்மா கூத்து" என்றாள் பக்கத்துச் சீட்டு அம்மா, கன்னத்தில் போட்டுக்கொண்டே. "தலை மட்டும் நிக்கி. மீதி எரியவே இல்லையே. கண்ணு நல்லா வச்சிருக்கான், இல்லன்னு சொல்லல. ஆனா ஏழு வருசம் களிச்சு நடக்குற கொடையில இப்படியா. வேலை தெரியாத பயலாப் பாத்துக் குடுத்திருக்கானுவ. எவன் போட்ட லைட்டோ."

பின்சீட்டிலும் யாரோ அதையே சொன்னார்கள், அரைகுறைப் பய என்றார்கள், காசை வாங்கிக்கொண்டு ஓடியிருப்பான் என்றார்கள், எந்தத் தெருவின் பேரையும் யாரும் சொல்லவில்லை. நாளைக்கு இதையே பக்கத்து ஊர்களிலும் சொல்வார்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லட்டும், உட்கார்ந்து நிதானமாகச் சொல்லட்டும் என்று இருந்தது அவளுக்கு. தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு போட்டதுக்கா" என்றாள்.